கிளையன்ட் ஃபைல் தேடல்: வேகமும் வேணும், விவரம் வெளியேயும் போகக்கூடாது. எந்த மென்பொருள்?

#1 வரவுசெலவு
ஆடிட்டர் ஆபீஸ். ஒரே விண்டோஸ் 11 புரோ கணினி, மூணு பேருக்குத் தனித்தனி யூசர் அக்கவுண்ட். டி டிரைவில் சுமார் மூணரை லட்சம் ஃபைல்: பான், ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், ஏஐஎஸ் (வருமான வரித்துறை தர்ற வருடாந்திரத் தகவல் அறிக்கை), பழைய ரிட்டர்ன், எக்செல் ஒர்க்கிங். எக்ஸ்ப்ளோரர்ல பேரைப் போட்டா பச்சைக் கோடு ஊர்ந்துகிட்டே இருக்கு. ஃபைல் பேரைத் தேடற எவ்ரிதிங் போடுன்னு ஒருத்தர் சொல்றார், ஃபைலுக்கு உள்ள தேடற டாக்ஃபெட்சர்னு இன்னொருத்தர், விண்டோஸ்லயே கணினி முழுக்கத் தேடற என்ஹான்ஸ்டு மோட் போதும்னு மூணாவது ஆள். ஃபைலுக்கு உள்ள இருக்கிற சொல்லையும் தேடணும், கிளையன்ட் விவரம் எங்கயும் கசியவும் கூடாது. எதைப் போடலாம்?

#2 எலிப்பொறி
மென்பொருள் பேரைத் தேர்வு செய்யறதுக்கு முன்னாடி "கசியறது"ன்னா என்னன்னு பிரிச்சுக்கங்க. தேடல் பெட்டியில தட்டுற சொல் இணையத்துக்குப் போறது ஒரு கசிவு. தேடலுக்காக மென்பொருள் முன்கூட்டியே போட்டு வைக்கிற பட்டியல், அதாவது இண்டெக்ஸ் ஃபைல், வட்டில் பூட்டில்லாம கிடக்கிறது இன்னொண்ணு. அதே கணினியில உட்காருற அடுத்த ஆளுக்கு அவர் பார்க்கக்கூடாதது தெரியறது மூணாவது. பலரும் முதல் ஒண்ணை மட்டும் கேட்டு "இது ஆஃப்லைன் சாஃப்ட்வேர், கவலையில்ல"ன்னு முடிச்சுடறாங்க. உங்க மாதிரி ஆபீஸ்ல மத்த ரெண்டும்தான் பெருசு.

உள்ளடக்க இண்டெக்ஸ்னா எந்தச் சொல், எந்த ஃபைல்ல, எத்தனையாவது இடத்துலன்னு இருக்கிற பட்டியல். இடம் வரைக்கும் பதிவானா, பட்டியலை வச்சே ஆவணத்தைப் பெரும்பாலும் திரும்ப அடுக்கிடலாம். சில மென்பொருள் முன்னோட்டம் காட்டறதுக்காக உரையையே தனியா சேமிச்சு வைக்கும். ஆக, இண்டெக்ஸ் போட்ட ஃபோல்டருக்கு இரண்டாவது நகல் ஒண்ணு உருவாயிடுச்சுன்னு கணக்கு வச்சுக்கங்க. மூல ஃபைலை அழிச்சாலும் நகல் உடனே போயிடாது. விண்டோஸ் இண்டெக்ஸ்ல அழிஞ்ச ஃபைலோட தடயத்தைத் தேடறது தடயவியல்ல வழக்கமான வேலை.

முதல் வகைக் கசிவும் கற்பனை இல்ல. கூகுள் டெஸ்க்டாப் 2004ல வந்தப்ப எல்லாம் உங்க கணினியிலதான் இருந்துச்சு. 2006 பிப்ரவரியில மூணாவது பதிப்புல, ஒரு கணினியில இருக்கறதை இன்னொண்ணுலேருந்து தேடற வசதி வந்தது. அதை ஆன் பண்ணினா ஆவணங்களோட உரை நகல் கூகுள் சர்வர்ல 30 நாள் வரைக்கும் இருக்கும். இதைப் பயன்படுத்தாதீங்கன்னு இணைய உரிமைக்காகப் போராடற இஎஃப்எஃப் அமைப்பு வெளிப்படையாவே சொல்லுச்சு. 2011ல அந்த மென்பொருளையே நிறுத்திட்டாங்க. உபுண்டுங்கற லினக்ஸ் இயங்குதளத்தோட 12.10 பதிப்புலயும் அதே கதை: டேஷ்ங்கற தேடல் பெட்டியில உங்க ஃபைலைத் தேடத் தட்டின சொல், அதைத் தயாரிக்கிற கனானிக்கலோட சர்வர் வழியா அமேசான் பொருள் பட்டியலாத் திரும்பி வந்துச்சு. எதிர்ப்பு கிளம்பி, 16.04லதான் அதை இயல்பா அணைச்சு வச்சாங்க.

#3 டிஸ்க்மணி
விண்டோஸ் பக்கம் நான் சொல்றேன்.

ஸ்டார்ட் மெனு தேடல் பெட்டியும் எக்ஸ்ப்ளோரர் தேடல் பெட்டியும் ஒண்ணு இல்ல. ஸ்டார்ட்ல தட்டினா மைக்ரோசாஃப்டோட பிங் தேடுபொறிப் பரிந்துரை வரும். அப்படின்னா தட்டுற எழுத்து வெளிய போகுதுன்னு அர்த்தம். கிளையன்ட் பேரை அங்க தட்டவே கூடாது. அணைக்க: க்ரூப் பாலிசி எடிட்டர்ல யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், ஃபைல் எக்ஸ்ப்ளோரர். அதுல "டர்ன் ஆஃப் டிஸ்ப்ளே ஆஃப் ரீசென்ட் சேர்ச் என்ட்ரீஸ்"னு தொடங்கற பாலிசியை எனேபிள் பண்ணுங்க. பேரைப் பார்த்தா வேற எதுக்கோன்னு தோணும், ஆனா ஸ்டார்ட்ல வலைப் பரிந்துரையையும் அதுதான் நிறுத்துது. யூசர் பக்கத்து பாலிசிங்கறதால மூணு அக்கவுண்டுக்கும் பொருந்துதான்னு ஒவ்வொண்ணா லாகின் பண்ணிப் பாருங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள தேடல் பக்கத்துல, கிளவுட் கன்டென்ட் சேர்ச்ல இருக்கிற ரெண்டு ஸ்விட்ச், சேர்ச் ஹிஸ்டரி, மூணையும் அணைங்க.

அதே பக்கத்துலதான் எதையெல்லாம் இண்டெக்ஸ் போடணும்ங்கற கிளாசிக், என்ஹான்ஸ்டு தேர்வும். என்ஹான்ஸ்டு போடாதீங்க. அது விலக்குப் பட்டியல்ல இல்லாத எல்லாத்தையும் இண்டெக்ஸ்ல சேர்க்கும். அளவும் பிரச்சனை: இண்டெக்ஸ்ல 4 லட்சம் உருப்படி தாண்டினா வேகம் குறையலாம், மேல் எல்லை 10 லட்சம்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. டி டிரைவே மூணரை லட்சம். சி டிரைவும் சேர்ந்தா எல்லையில போய் நிக்கும். கிளாசிக்ல வச்சு, இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ், மாடிஃபை போய் தேவையான ஃபோல்டரை மட்டும் டிக் பண்ணுங்க.

அட்வான்ஸ்டு பொத்தான், ஃபைல் டைப்ஸ் தாவல்: ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் "ப்ராப்பர்டீஸ் மட்டும்" அல்லது "ப்ராப்பர்டீஸும் உள்ளடக்கமும்"னு ரெண்டு தேர்வு. பிடிஎஃப்புக்கு முதல் தேர்வு போட்டா பேங்க் ஸ்டேட்மென்ட் பேரால கிடைக்கும், உள்ள இருக்கிற வரவு செலவு இண்டெக்ஸுக்குப் போகாது. ஆனா இது கணினி முழுக்கப் பொருந்தும், ஃபோல்டர்வாரியாப் பிரிக்க முடியாது. "இண்டெக்ஸ் என்கிரிப்டட் ஃபைல்ஸ்" டிக் காலியாவே இருக்கட்டும். மாத்தி முடிச்சதும் ரீபில்ட் கொடுங்க, இல்லன்னா பழைய பதிவு உள்ளயே தங்கலாம். சில மணி நேரம் எடுக்கும், சாயங்காலம் கிளம்பும்போது போட்டுட்டுப் போங்க.

இண்டெக்ஸ் இருக்கிற இடம் சி டிரைவ்ல ப்ரோகிராம்டேட்டாவுக்குள்ள, மைக்ரோசாஃப்ட், சேர்ச்னு போகும். முன்னாடி ஈடிபி வகைத் தரவுத்தள ஃபைல், விண்டோஸ் 11ன் 22எச்2 பதிப்புலேருந்து எஸ்க்யூலைட் வகை. சாதா யூசர் திறக்க முடியாது. ஆனா பிட்லாக்கர் (விண்டோஸோட வட்டுக் குறியாக்கம்) இல்லாத வட்டைக் கழட்டி வேற கணினியில மாட்டினா யார் வேணா திறக்கலாம். ஆவணங்களோட தொடக்க வரிகள் சுருக்கமா அதுல இருக்கும்.

#4 சந்தேகப்பிராணி
இவ்வளவு எதுக்கு? எவ்ரிதிங் பேரை மட்டும்தான் பார்க்குது. உள்ளடக்கம் இல்லை, வேகமோ கண்ணிமைக்கிற நேரம். வேலை முடிஞ்சது.

#5 எலிப்பொறி
@சந்தேகப்பிராணி வேகத்துல மறுபேச்சே இல்ல. விண்டோஸ் வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ்ல எல்லா ஃபைல் பேரும் இருக்கிற எம்எஃப்டி அட்டவணையை நேரா படிக்குது, மாற்றங்களை யுஎஸ்என் ஜர்னல்ங்கற மாற்றப் பதிவேட்டுலேருந்து எடுத்துக்குது. பத்து லட்சம் ஃபைலுக்கு ஒரு நிமிஷம், 75 எம்பி ராம், 45 எம்பி வட்டுன்னு தயாரிச்சவங்களே கணக்குக் கொடுத்திருக்காங்க.

சிக்கலும் அங்கேயேதான். எம்எஃப்டியை நேரா படிக்கும்போது ஃபோல்டர் அனுமதி குறுக்க வராது. நிறுவும்போது அட்மின் உரிமையோட பின்னால ஓடற எவ்ரிதிங் சர்வீஸை டிக் பண்ணினா, சாதா யூசரும் வட்டில இருக்கிற எல்லா ஃபைல் பேரையும் பார்ப்பார். திறக்க முடியாது, பேர் தெரியும். "பேர்தானே"ன்னு விட்டுட முடியாது. விவாகரத்து ஜீவனாம்சம், சோதனை நோட்டீஸ், இன்ன கம்பெனி விற்பனைன்னு பேர்லயே விஷயம் முழுக்க இருக்கும்.

மூணு பேரும் எல்லாக் கிளையன்டையும் பார்க்கலாம்னா சர்வீஸோட போடுங்க, பாதகமில்ல. பார்க்கக்கூடாதுன்னா சர்வீஸ் இல்லாம, அட்மின் உரிமை இல்லாமப் போட்டு, ஆப்ஷன்ஸ்ல இண்டெக்ஸஸ், ஃபோல்டர்ஸ் பகுதியில அந்த யூசருக்கு உரிய ஃபோல்டரை மட்டும் சேர்க்கணும். முதல் தடவை இண்டெக்ஸ் போட நேரமாகும், அப்புறம் அதே வேகம்தான். அவர் படிக்க முடியற ஃபோல்டர் மட்டும் பட்டியல்ல வரும்.

எச்டிடிபி சர்வர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, இயல்பா அணைஞ்சுதான் இருக்கும். மொபைல்லேருந்து தேடலாமேன்னு யாராவது பாஸ்வேர்ட் இல்லாம ஆன் பண்ணினா, ஆபீஸ் வைஃபையில இருக்கிற எல்லாருக்கும் வட்டோட பட்டியல் பிரவுசர்ல வரும். டவுன்லோடு அனுமதியும் இருந்தா ஃபைலே போயிடும். ஹிஸ்டரி தாவலையும் பாருங்க. தேடின சொல், திறந்த ஃபைல் ரெண்டுக்கும் தனித்தனி டிக் உண்டு.

#6 டிஸ்க்மணி
கூட ஒண்ணு. டி டிரைவை ஃபார்மட் பண்ணி அப்படியே விட்டிருந்தா, "ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்" எல்லாருக்கும் மாடிஃபை உரிமை இருக்கும். தனித்தனி அக்கவுண்ட் இருந்தும் மூணு பேரும் எல்லாத்தையும் திறக்கலாம், திருத்தலாம். முதல்ல இதைச் சரி பண்ணுங்க: ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ், கன்வெர்ட். அப்புறம் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் ரெண்டையும் நீக்கி, வேண்டிய ஆளைச் சேர்க்கணும். கன்வெர்ட்டுக்குப் பதிலா ரிமூவ் அமுக்கினா எல்லாருடைய உரிமையும் போயிடும், பார்த்துச் செய்யுங்க. விண்டோஸ் சேர்ச் இந்த உரிமையை மதிக்கும். ஒரே இண்டெக்ஸா இருந்தாலும் யாருக்கு உரிமை இருக்கோ அந்த முடிவுகளை மட்டும்தான் காட்டும்.

#7 வரவுசெலவு
சீனியர் மட்டும் பார்க்கிற ஃபோல்டர் ஒண்ணு இருக்கு, அதனால சர்வீஸ் இல்லாத முறைதான் எங்களுக்கு. ஏஐஎஸ், 143(1) இன்டிமேஷன் (ரிட்டர்னைச் சரிபார்த்து வரித்துறை அனுப்பறது) எல்லாம் பாஸ்வேர்டோட வர்ற பிடிஎஃப். உள்ளடக்கத் தேடல்ல வரவே மாட்டேங்குது. பாஸ்வேர்டை எடுத்துட்டு சேமிக்கலாமான்னு பசங்க கேக்கறாங்க.

#8 எலிப்பொறி
எடுக்காதீங்க. பாஸ்வேர்ட் இருக்கிற பிடிஎஃப்பை பாஸ்வேர்ட் தெரியாம எந்த இண்டெக்சரும் திறக்காது, பேர் மட்டும் பதிவாகும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஏஐஎஸ்ல யாரும் சொல் தேடப் போறதில்ல, எந்தக் கிளையன்ட், எந்த வருஷம்னுதான் தேடுவாங்க.

அந்தப் பாஸ்வேர்ட் எவ்வளவு மெலிசுன்னும் பாருங்க: சின்ன எழுத்துல பான், கூடவே பிறந்த தேதி எட்டு இலக்கம். ஃபைல் பேர்லயே பான் போட்டு வைக்கிற ஆபீஸ் நிறைய. பக்கத்துலயே ஆதார் ஸ்கேன், அதுல பிறந்த தேதி. பேர்த் தேடல் காட்டற ஒரே வரியில பாதி பாஸ்வேர்ட் கையில கிடைச்சாச்சு. பானுக்குப் பதிலா உள் கோப்பு எண் போடுங்க: எண், வருஷம், ஆவண வகை. எந்த எண் யாருக்குங்கிற பட்டியல் பாஸ்வேர்ட் போட்ட ஒரு எக்செல்ல இருக்கட்டும். எவ்ரிதிங்ல மொத்தமா மறுபெயரிடற வசதியில ஒரே தடவையில ஆயிரக்கணக்கான ஃபைலை மாத்தலாம், முதல்ல பத்து ஃபைல்ல சோதிச்சுட்டு. ஆதார் வாங்கும்போது முதல் எட்டு இலக்கம் மறைச்ச மாஸ்க்டு ஆதாரே போதுமான இடத்துல அதையே வாங்குங்க. வட்டுல இல்லாதது இண்டெக்ஸ்லயும் வராது.

பாஸ்வேர்ட் எடுக்க, பிடிஎஃப் சேர்க்க, ஸ்கேன்ல இருக்கிற எழுத்தை உரையா மாத்தற ஓசிஆர் பண்ணன்னு இணையதளத்துல ஏத்தறாங்களே, அதோட ஒப்பிட்டா எந்தத் தேடல் மென்பொருளும் பச்சைக் குழந்தை. மொத்த ஆவணத்தையும் யாரோ ஒருத்தர் சர்வருக்கு நாமே தூக்கிக் கொடுக்கிறோம். ஸ்கேனுக்கு ஓசிஆர் வேணும்னா நாப்ஸ்2 போடுங்க. உள்ள டெசராக்ட்ங்கற ஓசிஆர் எஞ்சின் இருக்கு, தமிழ் மொழிக் கோப்பை ஒரு தடவை இறக்கிட்டா அப்புறம் நெட் இல்லாமலே ஓடும்.

#9 யாழ்லினக்ஸ்
லினக்ஸ் பாவிக்கிற ஆக்களுக்கும் ரெண்டு சொல்லு. கேடிஇ டெஸ்க்டாப் எண்டால் பலூ, க்னோம் டெஸ்க்டாப் எண்டால் ட்ராக்கர் (இப்ப லோக்கல்சேர்ச் எண்டு பேர் மாத்தியாச்சு) எண்ட இண்டெக்சர் கேளாமலே பின்னால ஓடும். இண்டெக்ஸ் உங்கட ஹோம் அடைவுக்குள்ளதான் கிடக்கும், ஆனபடியால் நிறுவும்போதே வட்டை லக்ஸ் எண்ட லினக்ஸ் வசதியால குறியாக்கினா அதுவும் சேர்ந்து பூட்டுப்படும். உள்ளடக்கத் தேடலுக்கு ரீகோல் எண்ட மென்பொருள் நல்லது. எந்த அடைவு, எதை விடவேணும், இண்டெக்ஸ் எங்க இருக்கவேணும், எல்லாத்தையும் நீங்களே எழுதிக் குடுக்கலாம். இண்டெக்ஸ் அடைவை உரிமையாளர் மட்டும் வாசிக்கிற மாதிரித்தான் அது உருவாக்கும். ஆனா முன்னோட்டத்துக்காக ஆவண உரையையும் உள்ள சேமிக்கும், அதை அமைப்புக் கோப்பில நிப்பாட்டலாம்.

அடிக்கடி தேடாத ஆள் எண்டால் இண்டெக்ஸே வேண்டாம், ரிப்கிரெப் எண்ட கட்டளைவரிக் கருவி காணும். ஒவ்வொரு முறையும் கோப்பை நேராத் திறந்து வாசிக்கும், ஒரு இண்டெக்ஸும் விடாது. வெறும் உரைக் கோப்பில பறக்கும். டாக்எக்ஸ், பிடிஎஃப் எண்டால் ரிப்கிரெப்ஆல் வேணும். ஆனா அது பிரிச்செடுத்த உரையைக் கேஷ் எண்ட தற்காலிகச் சேமிப்பில வைக்கும், அதை அணைச்சுப்போட்டு ஓடவிடுங்கோ.

#10 ஆப்பிள்மரம்
மேக்ல இருக்கிற ஸ்பாட்லைட் தேடலும் இப்படித்தான். ஒவ்வொரு வால்யூமோட மூலத்துலயும் புள்ளியில தொடங்கற மறைஞ்ச ஃபோல்டர்ல இண்டெக்ஸ் இருக்கும். பென் டிரைவைக் கொடுத்தா அதுவும் கூடவே போகும். செட்டிங்ஸ்ல ஸ்பாட்லைட், சேர்ச் பிரைவசி போய் ஃபோல்டரை இழுத்துப் போட்டா விலகிடும். ஃபோல்டர் பேர் கடைசியில புள்ளி நோஇண்டெக்ஸ்னு வச்சாலும் தொடாது. 2015 ஜனவரியில தெரிஞ்ச ஒரு கோளாறு: மெயில்ல படங்களைத் தானா இறக்காதேன்னு அணைச்சிருந்தாலும், மேக்கோட யோசெமிட்டி பதிப்புல ஸ்பாட்லைட் முன்னோட்டத்துல அதே மெயில் வந்தா வெளிப் படங்களை இறக்கும், அனுப்பினவருக்கு ஐபி முகவரி தெரிஞ்சுடும். 2018ல இன்னொண்ணு: பூட்டின வால்யூம்ல இருக்கிற படங்களோட சின்ன நகலை, முன்னோட்டம் காட்டற க்விக்லுக்கோட கேஷ் பூட்டில்லாத வட்டுல வச்சிருந்தது. தேடலை அணைச்சா போதாது, முன்னோட்டமும் ஒரு நகல்தான்.

#11 சந்தேகப்பிராணி
அப்போ வெராகிரிப்ட்ல கன்டெய்னர் (பாஸ்வேர்ட் போட்ட ஒரு ஃபைல், திறந்தா தனி டிரைவ் மாதிரி தெரியும்) போட்டு எல்லாத்தையும் உள்ள தள்ளி, நிறுவாமலே ஓடற டாக்ஃபெட்சர் போர்ட்டபிளையும் அதுக்குள்ளயே வச்சா? இண்டெக்ஸ் அந்த ஃபோல்டர்லயேதானே உருவாகும்.

#12 எலிப்பொறி
நல்ல அமைப்பு, சீனியர் ஃபோல்டருக்கு அதையே சொல்லுவேன். போர்ட்டபிள் பதிப்பை கன்டெய்னர் உள்ள வைங்க, இண்டெக்ஸ் போடும்போது ரிலேட்டிவ் பாத் டிக்கைப் போடுங்க. இல்லன்னா அடுத்த தடவை வேற டிரைவ் எழுத்துல மவுண்ட் ஆனா ஒரு முடிவும் திறக்காது. மவுண்ட் பண்ணும்போது "ரிமூவபிள் மீடியம்" தேர்வைப் போடுங்க. என்ஹான்ஸ்டு மோட் தப்பித்தவறி ஆன்ல இருந்தா விண்டோஸ் சேர்ச் கன்டெய்னரையும் மேஞ்சு, சி டிரைவ்ல நகல் வச்சுடும்.

ஆனா கன்டெய்னரை மட்டும் நம்பாதீங்க. வேர்ட் ஆட்டோரிகவர் நகல், ரீசென்ட் பட்டியல், ஜம்ப் லிஸ்ட், தம்ப்னெயில் கேஷ் எல்லாம் சி டிரைவ்லதான் விழும். அதனால அடித்தளம் பிட்லாக்கர், சி, டி ரெண்டுக்கும். 48 இலக்க ரிகவரி கீயை அச்செடுத்து பீரோவுல வைங்க. அதே டிரைவ்ல சேமிக்கவே கூடாது. பிட்லாக்கர் கணினி அணைஞ்சிருக்கும்போது, திருடு போகும்போது காப்பாத்தும். லாகின் ஆனதுக்கப்புறம் வர்ற மால்வேருக்கு அது குறுக்க நிக்காது.

#13 வரவுசெலவு
தமிழ்ல தேடினா பாதிதான் கிடைக்குது. "கடன்"னு போட்டா "கடனை", "கடனுக்கு" வரல.

#14 யாழ்லினக்ஸ்
கடைசிப் புள்ளியை எடுத்துப்போட்டுத் தேடுங்கோ. "கடன்" எண்டதில புள்ளியும் ஒரு தனிக் குறி, "கடனை"யில அந்த இடத்தில ஐகாரக் குறி நிக்குது, ஆனபடியால் பொருந்தாது. "கடன" எண்டு போட்டுப் பின்னால நட்சத்திரம் வைச்சால் மூண்டும் வரும். "ஒப்பந்தம்" வேணுமெண்டால் "ஒப்பந்த" வரைக்கும் போடுங்கோ. "கௌ"வை எகரக் கொம்பும் ளகரமுமாத் தட்டி வைச்ச கோப்புகளும் கிடக்கும், ரெண்டு மாதிரியும் தேடவேணும்.

பாமினி, வானவில் எழுத்துருவில கிடக்கிற பழைய ஆவணம் யூனிகோட் தேடலில வராது. உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துக்கள், எழுத்துரு மட்டும்தான் தமிழாக் காட்டுது. மாத்தவேணுமெண்டால் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி கணினியில ஓடுறதைப் பாவியுங்கோ. இணைய மாற்றியில ஒப்பந்தத்தை ஒட்டாதேங்கோ.

#15 டிஸ்க்மணி
விண்டோஸ்ல திரையைப் பதிஞ்சு வச்சுத் தேடற ரீகால் பத்தி யாரும் கேக்கலையேன்னு பார்த்தேன். 2024 மே மாசம் மைக்ரோசாஃப்ட் அறிவிச்சப்ப, திரையைப் படம் பிடிச்சு அதுல இருக்கிற உரையை பூட்டில்லாத எஸ்க்யூலைட்ல வச்சிருந்தது. அதை அப்படியே உருவி எடுக்கிற கருவி உடனே வெளிய வந்துச்சு. தள்ளிப்போட்டுத் திருத்தி 2025 ஏப்ரல்ல விட்டாங்க. இப்ப நாமா ஆன் பண்ணினாத்தான் ஓடும், பார்க்க விண்டோஸ் ஹலோ (முகம், விரல்ரேகை அல்லது பின்) வேணும். ஏஐ வேலைக்குன்னு வர்ற கோபைலட் பிளஸ் கணினியில மட்டும்தான், 40 டாப்ஸ் வேக என்பியூ (ஏஐ சிப்), 16 ஜிபி ராம் கேக்கும். சிக்னல் செயலி தன் சாட் ஜன்னலை ரீகால் படம் பிடிக்காதபடி தானாவே மறைச்சுக்குது. பாஸ்வேர்ட் போட்ட ஏஐஎஸ்ஸா இருந்தாலும் திறந்ததும் திரையில தெரியும், திரையில தெரிஞ்சா படம். அடுத்த கணினி வாங்கும்போது விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியல்லேருந்தே நீக்கிடுங்க.

ஒன்டிரைவ் ஃபோல்டர் பேக்கப்பையும் பாருங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல விண்டோஸை அமைச்சா டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ரெண்டும் கேக்காமலே இணையத்துல ஏறியிருக்கலாம். டி டிரைவுக்கு அது பொருந்தாது. ஆனா "இப்போதைக்கு டெஸ்க்டாப்ல போடு"ன்னு வச்ச ஃபைல் எல்லாம் அங்கதான்.

#16 வரவுசெலவு
சரி, இப்படிப் பண்ணப் போறோம். பிட்லாக்கர் ரெண்டு டிரைவுக்கும். டி டிரைவ் உரிமைகளைத் திருத்தறது. எவ்ரிதிங் சர்வீஸ் இல்லாம, யூசர்வாரியா ஃபோல்டர். விண்டோஸ் சேர்ச் கிளாசிக், ஒர்க்கிங் ஃபோல்டர் மட்டும், பிடிஎஃப் ப்ராப்பர்டீஸ் மட்டும். சீனியர் ஃபோல்டர் வெராகிரிப்ட்ல, டாக்ஃபெட்சரோட. பான் பேர்களை எண்ணா மாத்தறது. இதுல வரிசை முக்கியமா?

#17 டிஸ்க்மணி
முக்கியம். எல்லாத்துக்கும் முன்னாடி டி டிரைவ் முழுசையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் எடுங்க. உரிமை மாத்தும்போதும் பேர் மாத்தும்போதும்தான் கை தவறும். அந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் பிட்லாக்கர். அப்புறம் சி, டி குறியாக்கம், அடுத்து உரிமை, அடுத்து பேர் மாற்றம். எக்செல்ல ஒண்ணுக்கொண்ணு லிங்க் கொடுத்திருந்தா பேர் மாறினதும் அறுந்துடும், எடிட் லிங்க்ஸ்ல போய்ச் சரி பண்ணணும். அதனால நடப்பு வருஷ ஒர்க்கிங்கை விட்டுட்டு பழைய வருஷங்கள்ல ஆரம்பிங்க. இண்டெக்ஸ் ரீபில்ட் கடைசியில. முன்னாடியே போட்டா பழைய பேரும் புதுப் பேருமா ரெண்டு தடவை வேலை.

#18 வரவுசெலவு
சனிக்கிழமை மதியத்துக்கு மேல தொடங்கறோம். பேக்கப்புக்கு 2 டிபி டிஸ்க் இருக்கு.

#19 எலிப்பொறி
போதும். பேக்கப் முடிஞ்சதும் அந்த டிஸ்க்கைக் கழட்டி வேற கணினியில மாட்டி, பாஸ்வேர்ட் கேக்குதா, பத்துப் பதினஞ்சு ஃபைல் திறக்குதான்னு பார்த்துட்டு அப்புறமா டி டிரைவைத் தொடுங்க.